ஏன் என்ற கேள்வியும் ஒரு சீன இசைஞனும்

சில வாரங்களுக்கு முன் நண்பர்கள் நாலு பேர் கூடியிருந்தபோது ஒருவர் டான் டுன்னின் சினிமா ஸங்கீதத்தைப் போட்டார். ‘க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ படத்துக்கு அமைத்தது; 2001-ல் ஆஸ்கார் பரிசு வாங்கியது. யோ-யோ மாவின் செல்லோ சீனத் தந்தி வாத்தியம் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. பின்னால் மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா விரிகிறது. “கிழக்கும் மேற்கும் எப்படிக் கலந்துவிட்டது பார்த்தீர்களா?” என்றார் நண்பர். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் வந்தது. எனக்கு வழக்கமாக நேர்வதுதான் இது. அந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். ஆனால் நான் நினைத்த இடத்தில் அது முடியவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டான் டுன் 1986-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அவரை அங்கே வரவழைத்தவர் சௌ வென்-சுங். 1923-ல் ஷான்டுங் மாகாணத்தின் யென்டாய் துறைமுக ஊரில் பிறந்து, 2019 அக்டோபரில் நியூயார்க்கில் 96-வது வயதில் இறந்தவர். இந்தப் பெயரை நம்மில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அது அவருக்கு நேர்ந்த அநியாயம் என்று புலம்பப் போவதில்லை. அவர் எழுதியவை எண்ணிக்கையில் குறைவு. அவற்றில் உரக்கப் பேசுபவை இன்னும் குறைவு. ஆனால் கிழக்கு-மேற்கு என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அந்தப் பிரச்னையைத் தன் உடம்பில் ஒரு முள்ளாகவே வைத்துக்கொண்டு எழுபது வருஷம் வாழ்ந்தவர் அவர்.

அந்த முள் தைத்த சம்பவத்தை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். யுத்த காலத்தில் சீனாவில் சிவில் எஞ்சினீயரிங் படித்த சௌ, 1946-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயில உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்கா போனார். போன கொஞ்ச நாளிலேயே அதை உதறிவிட்டு பாஸ்டனுக்குப் போய் நியூ இங்கிலாந்து கன்ஸர்வேட்டரியில் இசை படிக்கச் சேர்ந்தார். அப்போது அவர் எழுதியவை ஃபியூக்குகள். ஒரு குரல் சொன்னதை அடுத்த குரல் வேறு ஸ்தாயியில் எடுத்துக்கொண்டு துரத்துவதுதான் ஃபியூக். பாஹ் உச்சத்துக்குக் கொண்டுபோன வடிவம். சௌ அதற்குள் சீன மெட்டுகளைப் போட்டார். அவருடைய ஆசிரியர் நிகொலாஸ் ஸ்லோனிம்ஸ்கி பியானோவில் உட்கார்ந்து, சீன மெட்டுக்கு மேற்கத்திய ஹார்மனி சேர்த்தால் என்ன விளையும் என்று விளையாட்டாக வாசித்துக் காட்டியதாகச் சொல்வார்கள். அதோடு நிற்கவில்லை. ஒரு ஃபியூக்கை எடுத்துக்கொண்டு செக் இசைஞர் பொஹுஸ்லாவ் மார்ட்டினூவிடம் போனார் சௌ. மார்ட்டினூ கொஞ்சம் வாசித்தார், நிறுத்தினார், இவர் முகத்தைப் பார்த்தார். “ஏன்?” என்று ஒரு சொல் கேட்டார். சௌவிடம் பதில் இல்லை.

எல்லாக் கலைஞர்களுக்கும் யாராவது ஒருவர் இந்தச் சொல்லைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரும்பாலோருக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. கிடைத்தவர்களும் கேட்டவர் மேல் கோபப்பட்டுவிட்டு அதே ஃபியூக்கை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

*

மார்ட்டினூவின் கேள்வி ஒரு இளைஞனைப் பார்த்துக் கேட்டதுதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1889 பாரிஸ் கண்காட்சியில் ஜாவாவின் கமெலான் இசையைக் கேட்டு டெபுஸி கலங்கிப்போனார். 1908-லும் அடுத்த வருஷத்திலுமாக மாலர் ‘பூமியின் பாடல்’ எழுதினார். தாங் காலத்துக் கவிதைகளை ஹான்ஸ் பெத்கே ஜெர்மனில் தழுவி எழுதியிருந்த தொகுதியிலிருந்து எடுத்த வரிகள் அதில் இருக்கின்றன. மாலருக்குச் சீனம் தெரியாது, பெத்கேக்கும் தெரியாது. அதனால் அந்த ஸிருஷ்டி குறைந்துவிடவில்லை. ஆனால் அதில் இருக்கும் சீனா, வியன்னாவின் மரண பயத்துக்குக் கிடைத்த ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே யார் இருந்தார்கள் என்பது மாலரின் கவலை அல்ல.

எதிர்த் திசையிலும் போக்குவரத்து இருந்தது. 1927-ல் ஷாங்ஹாயில் சாய் யுவான்பெயும் ஷியாவ் யூமெயும் ஐரோப்பிய மாதிரியில் ஒரு தேசிய இசைக்கல்லூரியைத் தொடங்கினார்கள். லைப்ஸிக்கில் படித்தவர் ஷியாவ். சீன இசை பின்தங்கிவிட்டது, ஹார்மனியும் ஸ்வரக்குறிப்பும் வந்தால்தான் அது நிமிரும் என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. 1934-ல் ருஷ்ய இசைஞர் அலெக்ஸாண்டர் செரெப்னின், சீனத்தன்மையுள்ள பியானோ இசைக்காக ஷாங்ஹாயில் ஒரு போட்டி வைத்தார். ஹெ லூடிங்கின் ‘இடையனின் புல்லாங்குழல்’ முதல் பரிசு பெற்றது. இன்றும் சீனாவில் பியானோ கற்கும் குழந்தைகள் வாசிப்பது.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் பேசியாக வேண்டும். சீன மெட்டுகளில் பெரும்பாலானவை ஐந்து ஸ்வரத்தில் நிற்பவை. அந்த ஐந்துக்குள் அரைஸ்வர இடைவெளி கிடையாது. ஐரோப்பிய ஹார்மனியின் உயிரோ அந்த அரைஸ்வரத்தில்தான் இருக்கிறது. ஏழாவது ஸ்வரம் எட்டாவதின் மடியில் போய் விழத் துடிக்கும் துடிப்பினால்தான் ஒரு கோர்வை முடியப்போகிறது என்று நமக்குத் தெரிகிறது. ஐந்து ஸ்வர மெட்டில் அந்தத் துடிப்பே இல்லை. அதற்கு ஐரோப்பிய ஹார்மனியைப் போர்த்தினால், எங்கும் போகாமல் உலாவிக்கொண்டிருந்தவனை ரயிலில் ஏற்றி உட்காரவைத்த மாதிரி ஆகிவிடும். ஹெ லூடிங் இதை உணர்ந்தவர். அதனால்தான் கனமான ஸ்வரக்கூட்டுகளைத் தவிர்த்து, இரண்டு மெல்லிய குரல்களை மட்டும் ஒன்றோடொன்று பேசவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் இந்த நுட்பத்தை விட்டுவிட்டு ரயிலையே பிடித்துக்கொண்டார்கள். 1969-ல் ஒரு குழு கூடித் தயாரித்த ‘மஞ்சள் நதி’ பியானோ கன்ஸர்ட்டோ அந்த ரயில் போய்ச் சேர்ந்த இடம்.

ஹெ லூடிங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1963-ல் யாவ் வென்யுவான் டெபுஸியைத் தாக்கி எழுதியபோது ஹெ புனைபெயரில் பதில் எழுதினார். கலாச்சாரப் புரட்சி வந்ததும் அதற்கான விலையைக் கேட்டார்கள். 1968-ல் டெலிவிஷன் காமிராவுக்கு முன்னால் அவரை நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். குற்றச்சாட்டு பொய் என்று அங்கேயே கத்தினார் அந்தக் கிழவர். டெபுஸியைக் கேட்பதா வேண்டாமா என்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே அது உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்தது.

*

சௌ இந்தக் காலம் முழுவதும் நியூயார்க்கில் இருந்தார். 1949-ல் அங்கே போனவர் எட்கார் வாரேஸிடம் சீடராகச் சேர்ந்தார். அதே வருஷம் ‘நிலக்காட்சிகள்’ என்ற ஆர்க்கெஸ்ட்ரா உருப்படியை எழுதினார். 1953-ல் ஸ்டொகோவ்ஸ்கி ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் அதை அரங்கேற்றினார். அதில் சீன மெட்டுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் கீழே ஹார்மனி என்ற தரை இல்லை. ஒரு ஸ்வரம் ஒரு வாத்தியத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போது அதன் நிறம் மாறுகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. முதல் தடவை கேட்டபோது ஒன்றுமே நடக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. சீன நிலக்காட்சி ஓவியத்தில் மூடுபனிக்காக விடப்பட்ட வெற்றிடத்தைப் பார்த்து, ஓவியன் இங்கே வரைய மறந்துவிட்டான் என்று சொல்வது போன்ற அபிப்பிராயம் அது. சில வருஷங்கள் கழித்துத் திரும்பக் கேட்டபோதுதான் எனக்கு இது புரிந்தது.

சௌ பதிலைத் தேடிப் போன இடம் ச்சின் என்ற ஏழு தந்தி வாத்தியம். மடியிலோ மேஜையிலோ படுக்கவைத்து மீட்டுவது. சபைக்கு வாசிப்பதற்கென்று ஏற்பட்டதல்ல. படித்தவன் தனக்காகவும் ஒன்றிரண்டு நண்பர்களுக்காகவும் வாசித்துக்கொண்டது. அதன் குறிப்புமுறை விசித்திரமானது. எந்த ஸ்வரம் என்று அது சொல்வதில்லை. எந்தத் தந்தி, எந்த இடம், எந்த விரல், உள்நோக்கியா வெளிநோக்கியா, விரலின் சதையாலா நகத்தாலா, மீட்டிய பிறகு இடது கை என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் சீன எழுத்துகளின் துண்டுகளைச் சேர்த்து ஒரே எழுத்தாகக் குறித்துவைக்கிறது. காலப்பிரமாணத்தை வாசிப்பவனுக்கே விட்டுவிடுகிறது. ஒரு ஸ்வரத்தை அசைப்பதில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட வகைகளை அந்த மரபு பேர் சொல்லிப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றில் சில, ஒலி அடங்கிய பிறகும் தந்தியின் மேல் விரல் மட்டும் அசைவது. காதுக்கு எட்டாத அசைவு. நம்முடைய கமகம் அடுத்த ஸ்வரத்தோடு கைகோத்து ராகத்தைக் கட்டுகிறது. ச்சின்னில் அசைவு அந்த ஒற்றை ஸ்வரத்தின் உள்ளேயே இறங்கிப் போகிறது.

ஒரு ஸ்வரம் என்பது உயிருள்ள பொருள். அது பிறந்து, நிறம் மாறி, மறைகிறது. அந்த வாழ்வே இசை. சௌ ச்சின்னிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். இதே பாடத்தை வேறு கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர் வாரேஸ். ஒலியைப் பிண்டமாகவும், மோதி விலகும் பரப்புகளாகவும் பார்த்தவர் அவர். பாரிஸில் பிறந்த அந்த முரட்டு மனிதருக்கும் ச்சின் வாசித்த சீனப் பண்டிதர்களுக்கும் இடையில் யாரும் கண்டிராத ஒரு வாசலை சௌ கண்டார். இதைத்தான் அவர் ‘மறுசேர்க்கை’ என்று சொன்னார். இரண்டு கரையிலிருந்தும் சாமான்களைக் கொண்டுவந்து நடுவில் கடை பரப்புவது அல்ல அது. மிகப் பழைய இசை எங்கும் ஒலியின் உட்புறத்தைத்தான் பார்த்தது. நடுவில் ஐரோப்பா ஹார்மனி வழியாக ஒரு தனிப்பாதையில் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பாதை முடிந்து ஓடைகள் மறுபடி கூடுகின்றன என்பது அவர் வாதம். சரித்திரமாக இதை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு கலைஞன் தான் நிற்பதற்காகப் போட்டுக்கொண்ட பலகையாக இதைப் பார்த்தால், அது அவரைத் தாங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

1957-ல் எழுதிய பியானோ உருப்படி ‘வில்லோக்கள் புதியவை’. வாங் வெய்யின் பிரிவுக் கவிதையை ஒட்டிய பழைய ச்சின் உருப்படி அதற்கு மூலம். பிரிந்து போகிறவனுக்கு வில்லோக் கிளையை ஒடித்துக் கொடுப்பது சீன வழக்கம். பியானோவில் ஸ்வரத்தை அசைக்க முடியாது. சுத்தியல் தந்தியை அடித்துவிட்டால் அடித்ததுதான். சௌ என்ன செய்கிறார் என்றால், மெட்டின் ஸ்வரத்தோடு அதை ஒட்டிய அரைஸ்வரத்தையும் வெவ்வேறு ஸ்தாயிகளில் தூவுகிறார். இரண்டும் உரசும் உரசலில் விரல் தந்தியில் இழுபடுவது போன்ற ஒரு கலக்கம் உண்டாகிறது. மேற்கத்தியக் காதுக்கு அபஸ்வரமாகப் படுவது இங்கே ச்சின்னின் விரல் ஓசை. ஏன் என்ற கேள்விக்குப் பதில் இந்த ஐந்தாறு நிமிஷத்தில் இருக்கிறது. 1963-ல் புல்லாங்குழலுக்கும் பியானோவுக்கும் எழுதிய ‘கர்ஸிவ்’வில் இதையே சீனக் கையெழுத்துக் கலையின் வழியாகச் செய்தார். தூரிகையின் அழுத்தமும் வேகமும் மை காய்ந்துபோவதும் ஒலியின் கனமாகவும் மெலிவாகவும் ஆகின்றன.

*

இதுவரை எழுதியதெல்லாம் நண்பருக்குச் சொல்ல நினைத்த பதில்தான். பார், இதுதான் கலப்பு. நீ கேட்டது ஒப்பனை என்று முடித்திருப்பேன். முடிக்கவிடாத விஷயங்கள் இரண்டு.

முதலாவது, அவருடைய மௌனம். 1965-ல் வாரேஸ் இறந்தார். குருவின் கையெழுத்துப் பிரதிகளைச் சரிபார்ப்பதும், அரைகுறையாக நின்ற ‘நாக்டர்னல்’ போன்றவற்றை முடித்துக் கொடுப்பதும் சீடரின் பொறுப்பாயிற்று. பின்னால் வாரேஸ் வாழ்ந்த ஸல்லிவன் தெரு வீட்டிலேயே குடியிருந்தார். 1964 முதல் கொலம்பியாவில் பாடம் சொன்னார். 1978-ல் அமெரிக்க-சீனக் கலைப் பரிவர்த்தனை மையத்தை அங்கே நிறுவினார். இரு தேசங்களுக்கும் ராஜாங்க உறவு ஏற்பட்டதே அடுத்த வருஷம்தான். ஆர்தர் மில்லர் 1983-ல் பீகிங்கில் ‘ஒரு விற்பனையாளனின் மரண’த்தைச் சீன நடிகர்களை வைத்து மேடையேற்றியதில் அந்த மையத்துக்குப் பங்கு உண்டு. இதற்கெல்லாம் கொடுத்த விலை என்ன? 1969-ல் ‘யுன்’ எழுதிய பிறகு 1980களின் பின்பாதிவரை அவருடைய சொந்த சிருஷ்டி ஏறக்குறைய நின்றே போயிற்று. நாற்பத்தாறு வயதிலிருந்து அறுபதைத் தாண்டும்வரை, ஒரு கலைஞனின் முற்றிய வருஷங்கள் அவை. பத்திரிகை நடத்தியும் பிறர் எழுத்தைத் திருத்தியும் தன் எழுத்தை விட்டவர்கள் நம் வட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அந்த வருஷங்களில் அவர் வரவழைத்த பிள்ளைகள். கலாச்சாரப் புரட்சி முடிந்து மத்திய இசைக்கல்லூரி திறந்தபோது ஆயிரக்கணக்கானோர் பரீட்சைக்கு வந்தார்கள். 1978-ல் சேர்ந்த வகுப்பில் டான் டுன், சென் யி, சௌ லொங் எல்லோரும் இருந்தார்கள். டான் டுன் ஹூனானில் நெல் நட்டவர். படகு விபத்தில் ஒரு பீகிங் ஆப்பரா குழுவினர் பலர் மூழ்கி இறந்ததால் ஆள் பற்றாமல் அதில் வாத்தியக்காரராகச் சேர்ந்தவர். சென் யி வயலினோடு வயல்வேலைக்குப் போனவர். சௌ லொங் வடகிழக்குப் பண்ணை ஒன்றில் டிராக்டர் ஓட்டியவர். இவர்களையும் ஷாங்ஹாயிலிருந்து வந்த பிரைட் ஷெங், க கான்ரு ஆகியோரையும் கொலம்பியாவில் உட்காரவைத்து, உங்கள் மரபை முதலில் படியுங்கள் என்று சொன்னவர் சௌ.

ஆனால் அவர் சொன்ன மரபு எது? ச்சின், தூரிகை, மூங்கில், மூடுபனி. அரண்மனையை வெறுத்து மலைக்குப் போன பண்டிதனின் மரபு. என்றாலும் பண்டிதனின் மரபுதான். இந்தப் பிள்ளைகள் கிராமத்தில் கேட்டது வேறு. சாவு வீட்டு ஒப்பாரி, பேயோட்டுபவனின் சடங்கு, ஆப்பராக்காரனின் அடித்தொண்டைக் குரல். 1994-ல் டான் டுன் எழுதிய ‘கோஸ்ட் ஆப்பரா’வில் நான்கு மேற்கத்தியத் தந்தி வாத்தியங்களும் ஒரு பீபாவும் பாத்திரத்துத் தண்ணீர், கல், காகிதம் இவற்றோடு சேர்ந்து பேசுகின்றன; பாஹும் ஷேக்ஸ்பியரும் ஆவிகளாக வந்து போகிறார்கள். இதைக் கேட்ட அன்று என் தராசு ஆடிப்போயிற்று. இது தூரிகையில் வராது. சேற்றில் கால் வைத்தவனுக்குத்தான் வரும். சௌ லொங் 2011-ல் ‘வெள்ளை நாகத்து மாது’ என்ற ஆப்பராவுக்காகப் புலிட்ஸர் பரிசு பெற்றார். அதுவும் ஜனங்களின் வாய்க்கதை. குருவின் வாசல் வழியாகத்தான் வெளியே வந்தார்கள். ஆனால் குரு போகாத தெருக்களுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் பிறகு ஹாலிவுட்டிலும் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவிலும் பெரிய அளவில் கடை பரப்பினார் என்பதும் உண்மை. அதை வைத்துக்கொண்டு முன்னதை இல்லையென்று ஆக்க முடியாது. 1990களில் தொடங்கி யுன்னானின் சிறுபான்மை இனங்களின் கலைகளைக் காக்கும் வேலையில் சௌ இறங்கியதைப் பார்க்கும்போது, இந்தக் குறை அவருக்கே உறைத்திருக்குமோ என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

*

1977-ல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் இசையைத் தட்டில் பதித்து அனுப்பினார்கள். சீனாவிலிருந்து எதை அனுப்புவது என்று சௌவிடம் கேட்டபோது, குவான் பிங்ஹு ச்சின்னில் வாசித்த ‘ஓடும் நீர்’ என்று தயங்காமல் சொன்னாராம். கேஸர்பாயி கேர்க்கரின் குரலும் அதே தட்டில் போகிறது. குவான் 1967-ல், அவருடைய கலை பழைய குப்பை என்று ஏசப்பட்ட நாட்களில் இறந்தவர். ஊரில் இடமில்லாமல் போன ஒரு கிழவரின் விரலசைவு சூரிய மண்டலத்துக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறது.

சௌவின் இறுதிக்காலத்தில் சிருஷ்டி திரும்பி வந்தது. 1989-ல் நான்கு தாளவாத்தியக்காரர்களுக்காக ‘மலையிடுக்கின் எதிரொலிகள்’, 1992-ல் செல்லோ கன்ஸர்ட்டோ, 1996-ல் ‘மேகங்கள்’ என்ற குவார்ட்டெட். பிரென்டானோ குவார்ட்டெட், பாஹின் ‘ஃபியூக் கலை’யை ஒட்டி ஏதாவது எழுதித் தரும்படி பல இசைஞர்களைக் கேட்டது. எண்பது வயதில் சௌ தன் இரண்டாவது குவார்ட்டெட்டை எழுதிக் கொடுத்தார். பெயர் ‘ஓடைகள்’.

அதைக் கேட்கும்போது குரல்கள் ஒன்றையொன்று துரத்துவதாகத் தோன்றவில்லை. ஒரு குரல் தொடங்குகிறது. அது நிறம் மாறும் இடத்தில் அடுத்தது ஊறி வருகிறது. இருபத்தைந்து வயதுப் பையன் ஒரு ஃபியூக்கை எடுத்துக்கொண்டு மார்ட்டினூவிடம் போனானே, அதே இடத்துக்குத்தான் ஐம்பது வருஷத்துக்கு மேல் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். இந்தத் தடவை யாரும் ஏன் என்று கேட்டிருக்க முடியாது.

நண்பருக்கு இனி என்ன சொல்வது? சினிமா ஸங்கீதத்தை அவர் கேட்கட்டும். ‘கோஸ்ட் ஆப்பரா’வையும் ‘வில்லோக்க’ளையும் அவருக்குக் கொடுக்கப் போகிறேன். இரண்டையும் ஒரே இரவில் கேட்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.